பரிந்துரை

ஒரே ஒரு வேலை.
காத்திருக்கும் அறையில் பதினொரு பேர்.
அதில் ஒன்பது பேர்
எங்கள் பழைய நான்காம் மாடி.

திங்கட்கிழமைக் கூட்டம் மாதிரியே இருக்கு,
கேக் மட்டும்தான் இல்லை என்றான் ஓஸ்மோ.
யாரும் சிரிக்கவில்லை.
பிறகு எல்லோரும் சிரித்தோம்.
பிறகு அவரவர் கைபேசியைக் குனிந்து பார்த்தோம்,
வேறு யாரோ செய்த கைபேசியை.

ஔலுவில் நவம்பர் வந்தால்
மூன்றரைக்கே இருட்டு.
ஆற்றங்கரையில் எங்கள் கட்டடம்
இப்போதும் நிற்கிறது,
ஒரு மாடியில் மட்டும் விளக்கு.
அதுவும் தரை துடைப்பவர்களுக்காக.

துருவ மான்களுக்குக் கழுத்துப்பட்டை செய்கிற
சின்னக் கம்பெனி இது.
மந்தை எங்கே மேய்கிறது என்று
பட்டை சொல்லும், மேய்ப்பவர் கேட்பார்.
உறைநிலைக்குக் கீழே முப்பது போனால்
பேட்டரி செத்துவிடுகிறதாம்.
பதினாறு வருடம் நான்
பேட்டரிகள் சாவதைத்தான்
கண்ணாடிக்கு இப்பால் உட்கார்ந்து குறித்துவந்தேன்.
எனக்கென்றே பிறந்த வேலை.
யூஹானிக்கென்றும்தான்.
ஹில்க்காவுக்கென்றும்தான்.

உள்ளே ஒரு மேய்ப்பரும் இருந்தார்.
ஐந்து வருடத்தில் எங்கே இருப்பீர்கள்
என்றெல்லாம் கேட்கவில்லை.
தடித்த கையுறை ஒன்றைத் தள்ளினார்:
இதைப் போட்டுக்கொண்டு
அந்தத் திருகைக் கழற்றுங்கள்.
இரண்டாம் முயற்சியில் கழற்றினேன்.
உருண்டு மேசைக்கடியில் போனது.
யாரும் தேடவில்லை.

வியாழன் இரவு அழைப்பு வந்தபோது
கடையில் இருந்தேன்.
எட்டரைக்கு மேல் மீனுக்குப் பாதி விலை;
சிவப்புத் துண்டு ஒட்டிய பெட்டிகளைப்
புரட்டிக்கொண்டிருந்தேன்.
ஹெல்சிங்கியிலிருந்து ஒரு பெண்குரல்,
ஆள் தேடித்தரும் ஏஜென்சி.
மர்யுக்காதானே?
ஆமாம் என்றேன், நெஞ்சு ஒரு படி ஏறியது.
உங்கள் பெயரைப் பரிந்துரைக்குக் கொடுத்திருக்கிறார்,
யூஹானி.
அவர் எப்படி?

என் விண்ணப்பமும் அதே அடுக்கில் இருப்பது
அவளுக்குத் தெரியாது.

மெதுவாகச் செய்வார் என்று சொல்லியிருக்கலாம்.
பொய்யில்லை.
நல்லவர், ஆனால், என்று இழுத்திருக்கலாம்.
அந்த ஆனால் போதும்,
மீதியை அவளே எழுதிக்கொள்வாள்.

ஒரு வெளியீட்டுக்கு முந்தைய இரவு
யூஹானி ஒரு பிழையைக் கண்டுபிடித்தான்.
என் சோதனையில் நழுவியது.
மூன்று வாரம் எல்லாம் தள்ளிப்போயிற்று,
மேலாளர் ஒரு வருடம் அவனோடு பேசவில்லை.
அறிக்கையில் அவன்
தவறவிட்டார் என்று எழுதவில்லை.
தவறவிட்டோம் என்று எழுதினான்.
வினைச்சொல்லுக்கு ஒரு வால்,
அதில் அவனும் வந்து நின்றான்.

அதைச் சொன்னேன்.
குளிர்பெட்டி முனகிக்கொண்டிருக்க
நான்கு நிமிடம் சொன்னேன்.
இவ்வளவு விரிவாக யாரும் பேசியதில்லை,
ரொம்ப நன்றி என்றாள் அவள்.
மீன் வாங்கினேன்.
வீட்டில் யாருக்கும் பிடிக்காத வகை அது என்று
அடுப்பருகில்தான் கவனித்தேன்.

உத்தமி ஒன்றும் இல்லை நான்.
அன்றிரவு இரண்டு முறை
அந்த எண்ணைத் திரையில் கொண்டுவந்தேன்.
அவன் காலையில் தாமதமாக வருவான்,
அதைச் சொல்ல மறந்துவிட்டேன் என்று சொல்ல.
பதினொன்றரைக்கு ஒரு முறை.
இரண்டு மணிக்கு ஒரு முறை.

நான் பரிந்துரைக்குக் கொடுத்த பெயர்
ஓஸ்மோ.

நேற்றுப் பேருந்து நிறுத்தத்தில் பார்த்தேன்.
பனியைத் தட்டிவிட்டு என் பக்கத்தில் நின்றான்.
இந்த வருடம் ஆறு சீக்கிரம் உறைந்துவிட்டது என்றான்.
ஆமாம் என்றேன்.
யாராவது உன்னை அழைத்தார்களா என்று
நான் கேட்கவில்லை.
அவனும் சொல்லவில்லை.
பேருந்து வந்தது,
என்னை முதலில் ஏறச் சொன்னான்.